பிக்கப் டிரக்கில் செயற்கைக்கோள் வானொலி ஆன்டெனாவைத் துளையிடாமல் நாமே பொருத்த முடியுமா?

கேள்வி: அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக் ஒன்றை வாங்கியிருக்கிறேன். செயற்கைக்கோள் வானொலிக்கான ஆன்டெனா அதில் இல்லை. கூரையில் துளையிடாமல் நானே பொருத்த முடியுமா? டேஷ்போர்டின் மேல் வைத்துவிட்டால் போதாதா?

துளையிடாமல் நீங்களே பொருத்தலாம். டேஷ்போர்டின் மேல் வைத்தால் போதாது. இரண்டாவது விடையை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு, அதைத் தெரிந்துகொள்வதற்குள் எனக்கு ஏழு வாரமும், இரண்டு முறை கடைக்குக் கொடுத்த கூலியும், நனைந்துபோன ஓர் உள்கூரையும் செலவானதே காரணம்.

நீங்கள் வாங்கியது நிறுவனங்கள் வேலைக்கு ஓட்டி விற்றுவிடுகிற அடிப்படை மாடலாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன், என்னுடையதும் அப்படித்தான். 2016ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150. முந்தைய உரிமையாளர் அதில் வெளிச்சந்தை ஸ்டீரியோ ஒன்றை மாட்டியிருந்தார். அதனுடன் இணைக்கும், சிரியஸ் எக்ஸ்எம் என்ற செயற்கைக்கோள் வானொலி நிறுவனத்தின் ட்யூனர் பெட்டியையும் காந்த அடியுள்ள சிறிய ஆன்டெனாவையும் நான் வாங்கினேன்.

"கைப்பேசி இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். நான் டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் குடியிருக்கிறேன். வேலை பீக்கோஸ் பக்கத்து எண்ணெய் வயல்களில். ஐ-10 நெடுஞ்சாலையில் ஜங்ஷன், சொனோரா, ஓசோனா ஆகிய ஊர்களைக் கடந்து ஃபோர்ட் ஸ்டாக்டன் வரை 300 மைலுக்கு மேல் ஓட்டி, அங்கிருந்து 285ஆம் எண் சாலையில் வடக்கே இன்னும் ஐம்பது மைலுக்கு மேல் போக வேண்டும். ஓசோனாவைத் தாண்டியபின் நெடுந்தூரத்துக்கு எஃப்எம் நிலையம் எதுவும் நின்று கேட்காது. என் கைப்பேசிச் சிக்னலும் பல இடங்களில் அறுந்துவிடும். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பித் தனியாக ஓட்டுகிறவனுக்கு, ஒரு மனிதக் குரல் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருப்பது தூக்கத்தை விரட்டும் மருந்து. நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இது தேவையில்லை என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன்.

முதல் முறை எனக்கு நேரமில்லாததால் கார் ஸ்டீரியோ கடை ஒன்றில் விட்டேன். அவர்கள் ஆன்டெனாவை டேஷ்போர்டின் மேல், கண்ணாடியை ஒட்டி வைத்துவிட்டு 90 டாலர் வாங்கினார்கள். கடை வாசலில் நன்றாகப் பாடியது. வேலைக்குப் போகும்போதோ ஐ-10இல் விட்டுவிட்டுக் கேட்டது. 285ஆம் எண் சாலையில் திரும்பியதும் பெரும்பாலும் அடங்கிவிட்டது. திரும்பி வரும்போது அதே சாலையில் ஒரு சொல்கூடத் தவறாமல் கேட்டது. மூன்று பயணங்களிலும் இதே கதைதான். கடைக்காரரிடம் சொன்னபோது, "அந்தப் பகுதியில் சிக்னல் குறைவு, நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்றார். போகும்போது குறைவாக இருக்கும் சிக்னல் வரும்போது மட்டும் எப்படி நிறைந்துவிடும் என்று கேட்டேன். அவரிடமிருந்து பதில் வரவில்லை.

அதற்கான பதில் வானத்தில் இருக்கிறது. எக்ஸ்எம் 2001இலும் சிரியஸ் 2002இலும் தனித்தனி நிறுவனங்களாக ஒலிபரப்பைத் தொடங்கி, 2008இல் ஒன்றாக இணைந்தன. அவற்றில் எக்ஸ்எம்மின் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், மேற்குத் தீர்க்கரேகை 85 பாகையிலும் 115 பாகையிலும் நிற்கின்றன. மேற்கு டெக்சஸில் நின்று பார்த்தால் ஒன்று தென்கிழக்கிலும் மற்றொன்று தென்மேற்கிலும், இரண்டும் ஏறக்குறைய 50 பாகை உயரத்தில் இருக்கும். வண்டி வடக்கு நோக்கி ஓடும்போது இரண்டும் ஓட்டுநரின் முதுகுப்பக்கம் வந்துவிடுகின்றன. டேஷ்போர்டில் இருக்கும் ஆன்டெனாவுக்கும் அவற்றுக்கும் நடுவே கேபினின் உலோகக் கூரை குறுக்கே நிற்கிறது. தெற்கு நோக்கித் திரும்பினால் முன்கண்ணாடி வழியாக இரண்டும் நேராகத் தெரிகின்றன. திசைகாட்டியை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு ஒரு பயணம் முழுவதும் இதைச் சரிபார்த்தேன். மினசோட்டா போன்ற வட மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் கூடும், ஏனென்றால் அங்கே செயற்கைக்கோள்கள் மேலும் தாழ்வாகத் தெரியும். பெரிய நகரங்களில் நிறுவனம் தரைவழி மறுஒலிபரப்பிகளை வைத்திருப்பதால், கடை வாசலில் செய்யும் சோதனையை நம்பி முடிவெடுக்க வேண்டாம். பாலத்தின் அடியில் சில விநாடி போகும்போது ஒலி அறுவதில்லை. ஒரே நிகழ்ச்சியைச் சில விநாடி இடைவெளியுடன் இருமுறை அனுப்பி, ட்யூனர் அதைச் சேமித்துவைத்து இட்டுநிரப்புகிறது. ஆனால் ஒரு மணி நேரம் கூரையே மறைத்துக்கொண்டிருந்தால் எந்தச் சேமிப்பும் உதவாது.

ஆகவே ஆன்டெனாவைக் கூரைக்கு மாற்றச் சொல்லி அதே கடைக்குப் போனேன். அங்கே அடுத்த சிக்கல். 2015ஆம் ஆண்டு மாடலிலிருந்து எஃப்-150இன் உடற்பகுதி அலுமினியக் கலவையால் ஆனது, அதில் காந்தம் ஒட்டாது. அலுமினியமும் மின்கடத்திதான் என்பதால் ஆன்டெனாவுக்குக் கீழே இருக்க வேண்டிய உலோகத் தளமாக அது முழுமையாகப் பயன்படும். பிடிமானம் மட்டும்தான் கிடைக்காது. கடையில் ஏதோ ஒரு நுரை நாடாவால் ஒட்டி, கேபிளைப் பின்கண்ணாடிக்கு மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கைக் கழற்றி, நீர் புகாமல் அடைக்கும் அதன் ரப்பர் கேஸ்கெட்டில் ஒரு வெட்டுப்போட்டு உள்ளே விட்டார்கள். இன்னொரு 60 டாலர். வானொலி குறையில்லாமல் கேட்டது. மூன்றாம் வாரம் இரவெல்லாம் மழை பெய்தது. காலையில் பின்னிருக்கையில் மகளை உட்காரவைக்கப் போன மனைவி, உள்கூரைத் துணி தொங்கிக் கிடப்பதையும், குழந்தையின் இருக்கை ஈரத்தில் ஊறியிருப்பதையும் பார்த்து என்னைக் கூப்பிட்டாள். அந்த விளக்கின் கேஸ்கெட் எந்த பிக்கப்பிலும் நாளடைவில் நீர் விடக்கூடிய இடம். அதைக் கத்தியால் வெட்டுவது மழைக்கு வாசல் திறந்துவிடுவதற்குச் சமம். கடைக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. நிதானமாக வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கேபிள் எந்த வழியாக உள்ளே போகிறது என்று கேட்காமல் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

பிறகு புதிய கேஸ்கெட் வாங்கி மாட்டிவிட்டு, ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து நானே செய்தேன். அதற்குப்பின் எத்தனையோ மழை பெய்துவிட்டது, ஒரு துளி உள்ளே வரவில்லை.

இடத்தை முதலில் தீர்மானியுங்கள். கூரையின் நடுக்கோட்டில், பின்விளிம்பிலிருந்து ஒரு சாண் முன்னே வைத்தேன். இந்த வானொலியின் அலைவரிசை 2,320 முதல் 2,345 மெகாஹெர்ட்ஸ் வரை. அதாவது ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர். ஆன்டெனாவைச் சுற்றி எல்லாப் பக்கமும் அவ்வளவு உலோகப் பரப்பாவது இருக்கட்டும் என்று கணக்கிட்டுக்கொண்டேன். உங்கள் வண்டியில் ஏணிச் சட்டமோ, சரக்குத் தொட்டியின் மேல் கூரையைவிட உயரமான மூடியோ இருந்தால், அவற்றிலிருந்து விலகி முன்பக்கமாக வையுங்கள்.

ஒட்டுவதில் அவசரம் கூடாது. உங்கள் கூரை எஃகாக இருந்தால் காந்தமே போதும், அடியில் மண் துகள் இல்லாமல் துடைத்துவிட்டு வையுங்கள். அலுமினியமாக இருந்தால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து துடைத்து, நன்றாக உலர்ந்தபின் 3எம் நிறுவனத்தின் விஎச்பி வகை இருபக்க ஒட்டுநாடாவை வைத்து அழுத்துங்கள். அந்த நாடா முழுப் பலம் பெற 72 மணி நேரம் ஆகும். கடுங்குளிரில் ஒட்டினால் பிடிக்காது. நான் மூன்று நாள் வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்லவில்லை.

இனி கேபிள். இதில்தான் பெரும்பாலான வேலை கெடுகிறது. கேபினுக்கும் பின்புறச் சரக்குத் தொட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் கேபிளை இறக்கி, பின்கண்ணாடியின் ஓரத்தை ஒட்டிச் சிறு பிடிகளால் நிறுத்தினேன். பின்னிருக்கைக்குக் கீழே கேபின் தரையில் ஏற்கெனவே ஒரு ரப்பர் அடைப்பான் இருந்தது. அதன் நடுவில் கேபிளின் தலை நுழையும் அளவுக்கு மட்டும் கீறி உள்ளே எடுத்தேன். வெளியே, நுழைவாயிலைவிடத் தாழ்வாகக் கேபிளை ஒரு முறை தொங்கவிட்டு மேலே திருப்பியிருக்கிறேன். கேபிள் வழியாக வழிந்து வரும் மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், துளையை நோக்கி ஏறாது. பின்பு அடைப்பானைச் சுற்றிலும் சிலிக்கோன் பசை பூசி மூடினேன். புளித்த வாடை அடிக்கும் சிலிக்கோன் உலோகத்தை அரிக்கும், ஆகவே நடுநிலையான வகையையே வாங்குங்கள். இந்த அடைப்பு தண்ணீருக்காக மட்டுமன்று. வண்டிக்கு அடியிலிருந்து புகைக்குழாயின் வாயு கேபினுக்குள் வரும் வழியும் அதுதான், எனவே தலைமுடி அளவு சந்துகூட விடாதீர்கள்.

உள்ளே வந்த கேபிளைக் கதவோரம் தரையில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டைகளின் கீழே முன்பக்கம் கொண்டுபோய் டேஷ்போர்டுக்குப் பின்னால் ட்யூனரில் செருகினேன். கண்ணாடி ஓரத்துத் தூணின் உறைக்குள் திணித்துக் கொண்டுபோவது சுலபமாகத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் பல வண்டிகளில் அந்தத் தூணுக்குள்ளும் இறங்கி வருகிறது. அதன் முன்னால் குறுக்கே கிடக்கும் கேபிள், விபத்தின்போது அது விரியும் வழியைத் தடுக்கும். ஸ்டீரியோவைக் கழற்றுமுன் பேட்டரியின் எதிர்முனையையும் கழற்றிவிடுங்கள்.

என் கேபிள் இருபது அடிக்கு மேல் இருந்தது, ஐந்தாறு அடி மிஞ்சியது. மிஞ்சியதை வெட்டி ஒட்டுப்போட வேண்டாம். ஆன்டெனாவுக்குள் இருக்கும் சிறு பெருக்கிக்கு மின்சாரம் போவதும் அதே கேபிள் வழியாகத்தான், ஒட்டு சரியாக அமையாவிட்டால் சிக்னல், மின்சாரம் இரண்டுமே கெடும். அகலமான வளையமாகச் சுற்றிக் கட்டி வையுங்கள், முறுக்கி மடிக்காதீர்கள்.

முடிந்ததும் திறந்தவெளியில் நிறுத்தி 0 என்ற சேனலைத் திருப்பினால் உங்கள் ட்யூனரின் அடையாள எண் தெரியும். சந்தாவைத் தொடங்க அதுதான் தேவை. அந்த உத்தரவும் செயற்கைக்கோள் வழியாகவே வருவதால், கூரையுள்ள வாகனக் கொட்டகையில் நின்றுகொண்டு காத்திருக்காதீர்கள்.

இணையத்தில் பலர் "ஒரு துளை போட்டுவிட்டால் நிரந்தரத் தீர்வு" என்று புதியவர்களுக்குச் சொல்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சொல்பவருக்கு அது வேறொருவரின் வண்டி. எஃகுக் கூரையில் வண்ணம் பெயர்ந்த துளையின் விளிம்பு துருப்பிடிக்கும். அலுமினியத்தில் எஃகுத் திருகைப் போட்டு ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும். அனுபவமுள்ள கைவினைஞர் சரியான ரப்பர் வளையத்தோடு செய்தால் துளையும் பல ஆண்டு தாங்கும் என்பதை மறுக்கவில்லை. முதல் முறை செய்பவருக்கு அந்த வழியைக் காட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

போன வாரம் ஃபோர்ட் ஸ்டாக்டனிலிருந்து பீக்கோஸ் வரை, எண்ணெய் வயல் லாரிகளின் வரிசைக்குப் பின்னால், வடக்கு நோக்கி ஓட்டிப் போனேன். செய்தி வாசிப்பு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு முறையும் அறவில்லை. உங்கள் வண்டியின் ஆண்டையும் மாடலையும் கீழே எழுதுங்கள். கேபின் தரையில் ரப்பர் அடைப்பான் எங்கே இருக்கிறது என்பதைப் படம் பார்த்துத் தேடித் தருகிறேன்.