நூலக அறிவியலில் பிஎச்.டி.: எங்கே, யாரிடம் சேரலாம்?

கேள்வி: எம்.லிப். (நூலக அறிவியல் முதுகலை) முடித்திருக்கிறேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகமா, காரைக்குடி அழகப்பாவா? (மேலூர் வாசகி)

இரண்டிலும் நூலக அறிவியல் துறை இருக்கிறது. ஆனால் நீங்கள் முதலில் தேட வேண்டியது நெறியாளரை, அதாவது உங்கள் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியரை. ஷோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நெறியாளர் பெயரைப் போட்டுத் தேடி, அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளில் இரண்டு மூன்றின் கடைசி அத்தியாயத்தைப் படியுங்கள். கல்லூரிகளின் பெயர் மட்டும் மாறி, அதே கேள்விப் படிவம், அதே அட்டவணை, அதே பரிந்துரைகள் என்று இருந்தால், உங்களுக்கும் அங்கே அதுதான் நடக்கும்.

அப்புறம் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிகளின்படி ஒரே நேரத்தில் ஒரு பேராசிரியர் 8 ஆய்வு மாணவர்களையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுபெற மூன்று ஆண்டுகூட இல்லாதவர் புதிதாக யாரையும் சேர்க்க முடியாது. நீங்கள் நினைத்திருக்கும் நெறியாளரிடம் இப்போது ஆய்வு செய்கிறவர்களைத் தனியே பார்த்து, ஓர் அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருகிறார் என்று விசாரியுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம்.

கேள்வி: கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். தொலைதூரக் கல்வியில் பிஎச்.டி. செய்யலாமா? (உசிலம்பட்டி வாசகி)

முடியாது, விதி அனுமதிக்கவில்லை. பகுதிநேரமாகச் செய்யலாம். அதற்கு உங்கள் நிர்வாகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். பாடவகுப்புக்கு விடுப்பு தருவார்களா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டு தளர்வு உண்டு.

கேள்வி: நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதினேன், ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைக்கவில்லை. வீணா? (திருமங்கலம் வாசகர்)

வீணில்லை, தம்பி. 2024 ஜூன் தேர்விலிருந்து பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி தரும் பிரிவும் இருக்கிறது. அதில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30. ஆனால் அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: 'கல்லூரி மாணவர்களின் மின்னிதழ்ப் பயன்பாடு' என்ற தலைப்பை எடுக்கலாமா? (செல்லூர் வாசகர்)

வேண்டாம் என்பேன். இந்தத் தலைப்பில் ஏற்கெனவே ஏராளமாக வந்துவிட்டது. மதுரையில் இருந்துகொண்டு ஏன் அங்கே போகிறீர்கள்? 1901-இல் பாண்டித்துரைத் தேவர் தொடங்கிய தமிழ்ச் சங்கம் இங்கே இருக்கிறது. 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் நத்தம் சாலையில் இருக்கிறது.

இங்கேயுள்ள தமிழ் நூல்களிலிருந்தே தலைப்பு எடுக்கலாம். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். உ.வே.சா.வின் பெயரைச் சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர் என்று பல விதமாக எழுதுகிறார்கள். இவற்றை இணைக்காத நூலகப் பட்டியலில் ஒரு வடிவத்தைப் போட்டுத் தேடினால் மற்றவை வராது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்து முன்னால் வரும். ஆங்கிலப் பெயர்களுக்கென்று வகுத்த பட்டியல் விதிகள் இங்கே தடுமாறுகின்றன. தமிழ் நூலாசிரியர் பெயர்களை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று ஒருவர் நான்கு ஆண்டு உட்கார்ந்து செய்தால், தமிழ்நாட்டு நூலகங்கள் அனைத்துக்கும் உதவும். அப்படி ஒரு தலைப்போடு போய் நெறியாளரைப் பாருங்கள்.

கேள்வி: பணம் கொடுத்தால் ஆய்வேடு எழுதித் தருவதாக ஒருவர் சொல்கிறார். (பெயர் வேண்டாம்)

அவருடைய தொலைபேசி எண்ணை அழித்துவிடுங்கள். வாய்மொழித் தேர்வில் பதில் சொல்லப்போவது நீங்கள்தான். பிற்பாடு தெரியவந்தால் பட்டமே போகும்.