பழம்பொருள் கேள்வி – பதில்: நிக்கல் பூசிய ரிவால்வர்

கேள்வி: என் தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் வைத்திருந்தது என்று சொல்லி அவர் விட்டுச்சென்ற ரிவால்வர் என் தந்தையின் பெயரில் உரிமத்துடன் எங்கள் வீட்டில் இருந்தது. சென்ற ஆண்டு தந்தை காலமானதும், அதை உரிமம் பெற்ற ஆயுத வணிகர் ஒருவரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறோம். குழலின் மேற்புறத்தில் ‘மொதேல் 1892’ என்பதன் சுருக்கமும், வலப்பக்கத்தில் ‘எஸ் 1897’ என்ற எழுத்தும் இருக்கின்றன. ஆனால் படங்களில் காணும் 1892 ரிவால்வர்கள் கருநீலமாக இருக்க, எங்களுடையது வெள்ளி போலப் பளபளக்கிறது. குழலும் 9 சென்டிமீட்டர்தான். இது அதிகாரிகளுக்கென்று தனியாகச் செய்த அபூர்வ வகை என்றும், பல லட்சம் பெறும் என்றும் உறவினர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். அவர் சொல்வது சரியா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: முதலில் ஒரு பாராட்டு. உரிமதாரர் இறந்த பிறகு ஆயுதத்தைப் பீரோவிலேயே பூட்டி வைத்துவிட்டு, ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருந்துவிடும் குடும்பங்கள் பல. தாமதமின்றி ஒப்படைத்து ரசீதையும் பத்திரப்படுத்திய நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டீர்கள்.

உங்கள் ரிவால்வர் எது என்பதில் பெரிய குழப்பம் இல்லை. குழலில் உள்ள ‘எஸ்’, பிரான்சின் சேந்த் எத்தியேன் நகரத்து அரசு ஆயுதத் தொழிற்சாலையைக் குறிக்கும். 1897 அது தயாரான ஆண்டு. ஆறு தோட்டா கொள்ளும் 8 மில்லிமீட்டர் ரிவால்வர் இது. பிரெஞ்சுக் கர்னல் லெபெலின் பெயர் இதற்கு ஊரெங்கும் ஒட்டிக்கொண்டுவிட்டாலும், இதை வடிவமைத்ததில் அந்தக் கர்னலுக்குப் பங்கில்லை என்றே துறை அறிந்தவர்கள் சொல்வார்கள். முதல் உலகப் போரின்போது ஸ்பெயினின் எய்பார் பட்டறைகளிலிருந்து இதே 8 மில்லிமீட்டர் தோட்டாவுக்கான ரிவால்வர்கள் ஏராளமாகப் பிரான்சுக்குப் போயின. அவற்றையும் 1892 என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அந்த ஐயத்தைத் தீர்க்க ஒரே கேள்வி போதும்: தோட்டா உருளை எந்தப் பக்கம் வெளியே வருகிறது? உண்மையான 1892-இல் அது வலப்பக்கம் வரும், எய்பார் ரிவால்வர்களில் இடப்பக்கம் வரும். வணிகரிடம் செல்லும்போது அவரையே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு துப்பாக்கி மற்றவற்றிலிருந்து வேறுபட்டிருந்தால் அந்த வேறுபாடு எலும்பில் இருக்கிறதா, தோலில் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். இதே 1892-க்கு உடன்பிறப்பான ஒரு வகை உண்டு. பிரெஞ்சுச் சேகரிப்பாளர்கள் அதை ‘பம்பு வகை’ என்று அழைக்கிறார்கள். வழக்கமான ரிவால்வரில் வலப்பக்கத்து நெம்புகோலைப் பின்னால் இழுத்தால் உருளை விடுபடும். பம்பு வகையிலோ அந்த நெம்புகோல் கிடையாது, வெற்றுத் தோட்டாக்களைத் தள்ளும் கம்பியைச் சுற்றியுள்ள உறையை இழுத்தால்தான் உருளை திறக்கும். சட்டகத்தையே வேறாகக் கடைந்தால்தான் இப்படி ஒன்றைச் செய்ய முடியும். எந்தப் பட்டறைக்காரரும் ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடக்கூடிய வேலை அல்ல அது. வங்காளப் படையில் பணியாற்றி விக்டோரியா சிலுவை பெற்ற ஃபாஸ்பெரி வடிவமைத்த வெப்லி ரிவால்வரும் அப்படித்தான். சுட்டவுடன் குழலும் உருளையும் சேர்ந்து பின்னால் நகர, உருளையின் மேல் வெட்டப்பட்ட வளைநெளிவான பள்ளங்கள் அடுத்த தோட்டாவைத் தாமே முன்னுக்குக் கொண்டுவரும். இவை எலும்பில் உள்ள வேறுபாடுகள். நிக்கல் முலாமும் குட்டைக் குழலும் தோலில் உள்ளவை. அவற்றைத் தொழிற்சாலையும் செய்திருக்கலாம், ஐம்பது ஆண்டு கழித்து ஒரு முலாம் கடையும் செய்திருக்கலாம். உங்கள் உறவினர் சொல்வதை ஒரேயடியாக மறுக்க முடியாததும், அப்படியே ஏற்க முடியாததும் இதனால்தான்.

பார்க்க வேண்டிய இடங்கள் ரிவால்வரிலேயே இருக்கின்றன. ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொண்டு போய், வணிகரின் முன்னிலையில், தோட்டா இல்லை என்று அவர் உறுதி செய்த பிறகு பாருங்கள். இடப்பக்கத்தில் ஒரு பெரிய தகடு கதவுபோலத் திறக்கும். உள் இயந்திரத்தைச் சுத்தம் செய்வதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது, இந்த ரிவால்வரின் அழகும் அதுதான். மூடிய நிலையில் அந்தத் தகடும் சட்டகமும் சேரும் கோட்டைக் கவனியுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால் அக்கோடு தலைமுடி அளவு மெல்லியதாக, இரு ஓரங்களும் கூர்மையாக இருக்கும். முலாம் பூசுவதற்காக யாரேனும் மெருகுச் சக்கரத்தில் வைத்து இழைத்திருந்தால் ஓரங்கள் மழுங்கி, அந்த இடத்தில் நகம் தட்டுப்படும் அளவுக்கு ஒரு சிறு பள்ளம் ஓடும். திருகாணிகளைச் சுற்றியுள்ள இரும்பு தட்டுப்போலக் குழிந்திருந்தாலும் அதே கதைதான். எழுத்துகளையும் பாருங்கள். ‘1897’ என்ற இலக்கங்கள் பாதி தேய்ந்திருக்க, அத்தேய்மானத்தின் மேல் முலாம் புத்தம் புதிதாக மின்னினால், தேய்மானம் முந்தியது, முலாம் பிந்தியது என்பது தெளிவு. துருப் புள்ளிகளின் குழிகளுக்குள்ளும் நிக்கல் இறங்கியிருப்பதைக் கண்டால் அதற்குமேல் ஆராய ஒன்றுமில்லை.

குழலைப் பொறுத்தவரை, படைக்கென்று செய்த 1892-இன் குழல் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். உங்களுடையதில் 3 சென்டிமீட்டர் குறைகிறது. குழல் வெட்டப்பட்டால் நுனியில் இருக்கும் குறிமுனையும் கூடவே போய்விடும், வெட்டியவர் அதையோ வேறொன்றையோ மீண்டும் பொருத்த வேண்டியிருக்கும். ஆகவே குறிமுனையின் அடியில் ஈயப்பற்றுக் கோடு தெரிகிறதா, அது குழலின் நடுக்கோட்டில் நிமிர்ந்து நிற்கிறதா, குழல்வாயின் விளிம்பு சீராக உருட்டப்பட்டிருக்கிறதா அல்லது அரத்தால் தேய்த்ததுபோல் சமமின்றி இருக்கிறதா என்று பாருங்கள். சேந்த் எத்தியேன் நகரத்துத் தனியார் பட்டறைகளும் 1892-ஐப் போன்ற ரிவால்வர்களைப் பொதுமக்களுக்கு விற்றதுண்டு. ஆனால் அவை அந்நகரச் சோதனைச் சாலையின் முத்திரைகளைத் தாங்கியிருக்கும். அரசுத் தொழிற்சாலையின் பெயரும் ‘எஸ் 1897’ குறியும் உள்ள ஒன்றை அந்தக் கணக்கில் சேர்க்க இயலாது. வரிசை எண்ணையும் உறுப்புகளில் காணும் எண்களையும் ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் மதிப்பு மேலும் ஒரு படி இறங்கும்.

உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்வதானால், பின்னாளில் ஒருவர் குழலை வெட்டி முலாம் பூசியிருக்கிறார் என்பதே என் கணிப்பு. அது சரியாக இருந்தால், சேகரிப்பாளர் பார்வையில் நீலம் மங்கிப் பழுப்பேறிய, யாரும் கைவைக்காத ஒரு சாதாரண 1892-ஐவிட உங்களுடையதற்குக் குறைந்த மதிப்புத்தான். பலருக்கு இதை நம்புவது கடினம் என்பது எனக்குத் தெரியும். மினுக்கிய பித்தளைக் குத்துவிளக்கைவிடப் பச்சை பிடித்த பழைய விளக்கை ஏன் விலை கூட்டிக் கேட்கிறார்கள் என்று என்னிடம் சண்டையிட்டவர்களும் இருக்கிறார்கள். முலாமை நீக்கிவிட்டு மறுபடி நீலம் ஏற்றலாமே என்ற யோசனை உங்களுக்கு வந்தால் தயவுசெய்து கைவிடுங்கள். ஒரு தவற்றின் மேல் இன்னொன்று ஏறும், அவ்வளவே. மேலும் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும் என்பதால், தெருமுனை லேத்துப் பட்டறையில் அதைக் கொடுப்பது சட்டப்படியும் குற்றமாகும்.

தாத்தாவின் கதைக்கு வருவோம். படையில் கொடுத்த கைத்துப்பாக்கி அரசின் சொத்து, ஓய்வு பெறும்போது திருப்பித் தர வேண்டியது. ஆகவே ‘பணியில் வைத்திருந்தது’ என்ற குடும்ப நினைவை அப்படியே எழுதி வைக்காமல், அவருடைய படைப்பணிச் சிறு புத்தகமான லிவ்ரே, ஓய்வூதியத் தாள்கள், வாங்கியதற்கான ரசீது, பழைய உரிமங்கள், நொத்தேர் என்னும் பத்திரச் சான்றாளர் முன் பதிந்த பத்திரம் இருந்தால் அதுவும் எனத் தேடி எடுங்கள். பழைய உரிமத்தில் இதே வரிசை எண் பதிவாகியிருந்தால், எந்த ஆண்டில் இது உங்கள் வீட்டில் இருந்தது என்பதற்கு அதுவே சான்று. இந்தத் தாள்கள் கூட்டும் மதிப்பை நிக்கல் ஒருபோதும் கூட்டாது.

விலை பற்றி ஒரு சொல். வெளிநாட்டு ஏலங்களில் வந்த தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அமெரிக்காவில் 1898-க்குள் தயாரான துப்பாக்கிகளுக்கு மத்தியச் சட்டத்தில் தனிச் சலுகை உண்டு. பிரான்சிலும் 1900-க்கு முந்தைய மாதிரிகளைச் சேகரிப்பாளர்கள் எளிதாக வாங்கலாம். நம் நாட்டு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வயதைப் பார்ப்பதில்லை. வழக்கொழிந்த வடிவமோ பழம்பொருள் மதிப்போ உள்ள ஆயுதம், பழுது நீக்கினாலும் நீக்காவிட்டாலும் சுடவே முடியாத நிலையில் இருந்தால்தான் 45ஆம் பிரிவின்படி விலக்குப் பெறும். ‘8 மில்லிமீட்டர் தோட்டாவே இப்போது கிடைப்பதில்லை, பிறகென்ன உரிமம்?’ என்று சிலர் கேட்பது செல்லாது. உங்கள் ரிவால்வரின் விசையும் சுத்தியலும் இயங்குகின்றன என்றால் உரிமம் வேண்டும். 2016ஆம் ஆண்டின் விதிகள், இறந்த உரிமதாரரின் சட்டபூர்வ வாரிசு தம் பெயரில் உரிமம் கோர இடம் தருகின்றன. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். வாங்குபவருக்கும் உரிமம் இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. நூறாண்டு கடந்த பொருள் என்பதால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள்ளும் இது வரக்கூடும். அப்படி வந்தால் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப வழியில்லை. இத்தனை வேலிகளுக்குள் வாங்க முன்வருபவர்கள் மிகச் சிலரே. பல லட்சம் என்ற பேச்சை மறந்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் பழைய பிரெஞ்சு ரிவால்வரின் தோல் உறை மட்டும் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவி மெருகேற்றலாமா? அதற்கு உரிமம் தேவையா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வெறும் தோல் உறைக்கு உரிமம் தேவையில்லை. தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது தோலுக்குள் ஊறிச் சிக்குப் பிடித்துப் பூஞ்சையை அழைக்கும், தையல் நூலையும் இற்றுப்போகச் செய்யும். உங்கள் ஊரில் கடற்காற்றின் ஈரம் வேறு. உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, உள்ளே அமிலமற்ற தாளைச் சுருட்டி வைத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் கட்டிப் போடாதீர்கள். மேல்மூடி பருத்து உருண்டு பன்றித் தொடைபோல் இருந்தால், பிரெஞ்சுக்காரர்கள் ‘ழாம்போன்’ என்று கேலியாக அழைக்கும் படை உறை அதுவாக இருக்கலாம். மூடியின் உட்புறத்தில் மையால் எழுதிய பெயரோ குத்திய எண்ணோ தெரிகிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். துடைக்கும்போது அந்த இடத்தை மட்டும் தொடாமல் விட்டுவிடுங்கள்.