ஹாங்காங் போன்ற நெருக்கடியான நிலப்பரப்பில் அரசுக் கல்வியும் மருத்துவமும் எப்படி இயங்குகின்றன?

ஏறத்தாழ 1,100 சதுர கிலோமீட்டர் பரப்பில் 75 லட்சம் பேர் வாழும் ஹாங்காங்கில் சில ஆண்டுகள் குடும்பத்தோடு குடியிருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். பள்ளியோ மருத்துவமனையோ தொலைவில் இருக்கிறது என்று அங்கே எவரும் குறைப்பட்டு நான் கேட்டதில்லை; காத்திருப்பைப் பற்றிய புலம்பலைத்தான் கேட்டிருக்கிறேன்.

1990-இல் அமைக்கப்பட்ட மருத்துவமனை ஆணையமே அரசு மருத்துவமனைகள் அனைத்தையும் நிர்வகிக்கிறது. உள்நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோர் அங்கேதான் சேருகிறார்கள்; சளி, காய்ச்சலுக்கு மட்டும் மக்கள் பெரும்பாலும் தனியார் மருத்துவரை நாடுகிறார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர் முதலில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்த்து, நோயாளியை அவசரத்தின் அளவுப்படி ஐந்து வகைகளுள் ஒன்றில் சேர்த்துவிடுவார்; மிக அவசரமானது முதல் வகை. விளையாட்டில் கை வீங்கிய என் மகன் நான்காம் வகை. எங்களுக்குப் பின்னால் நெஞ்சுவலியோடு வந்த பெரியவர் உடனே உள்ளே கொண்டுசெல்லப்பட, நாங்கள் நள்ளிரவு தாண்டியும் உட்கார்ந்திருந்தோம். அந்த வரிசை நியாயமானது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

2017 முதல் 180 ஹாங்காங் டாலராக இருந்த அந்தப் பிரிவின் கட்டணம், 2026 ஜனவரி 1 முதல் 400 ஆக உயர்ந்தது. உயிராபத்தான முதல் இரு வகையினருக்குக் கட்டணமே இல்லை. சிறு உபாதைகளுக்காக வருவோரைக் குறைப்பது நோக்கம். ஆனால் உண்மையான நெருக்கடி சிறப்பு மருத்துவர்களின் புறநோயாளர் பிரிவில் இருக்கிறது: மூட்டுவலி, கண்புரை போன்று உடனடி ஆபத்தில்லாத நோய்களுக்கு முதல் சந்திப்பே ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போவது அங்கே சாதாரணம்.

கல்வியில் கதை வேறு. 1953-இல் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதியில் ஏற்பட்ட தீவிபத்தில் 50,000-க்கும் மேற்பட்டோர் வீடிழந்தபின் எழுந்த மறுகுடியமர்வுக் கட்டடங்களில், தரையில் இடமில்லாததால் தொண்டு நிறுவனங்கள் மொட்டைமாடிகளில் பள்ளி நடத்தின. ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பள்ளியும் பிற்பகலில் வேறொரு பள்ளியும் இயங்கும் முறை பல பத்தாண்டுகள் நீடித்தது. தொடக்கக் கல்வி 1971-இலும், ஒன்பதாண்டுக் கல்வி 1978-இலும், பன்னிரண்டாண்டுக் கல்வி 2008-இலும் இலவசமாயின. இன்றும் பெரும்பாலானவை சமய, அறநிறுவனங்கள் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளிகளே. சம்பளம் அரசுடையது, நிர்வாகம் அவர்களுடையது. நம் ஊர் ஏற்பாட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

பிறப்பு குறைந்ததால் இப்போது போதிய மாணவர்களின்றிச் சில தொடக்கப் பள்ளிகள் இணைக்கப்படுகின்றன. மருத்துவமனைகளிலோ முதியோர் பெருகுகிறார்கள். 65 வயது நிறைந்தோருக்குத் தனியார் மருத்துவரிடம் செலவிட ஆண்டுக்கு 2,000 டாலர் மதிப்புள்ள மருத்துவப் பற்றுச்சீட்டை அரசு தருகிறது. அது காய்ச்சலுக்கும் பல்வலிக்கும் உதவும். கண்புரை அறுவைக்கான வரிசையை அது பெரிதாகக் குறைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.