மரத்தூளில் சூடாகும் வீடு

கேள்வி: ஆஸ்திரியாவில் என் மகள் வீட்டில் மரத்தை எரித்துத்தான் வீடு முழுக்கச் சூடாக்குகிறார்களாம். புகை மூட்டம் போடாதா?
– வாசகி, ஈரோடு

பதில்: போடாதும்மா. எரிப்பது 'பெல்லட்' ஆக இருக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த, 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டு. ஈரம் 10 சதவீதத்துக்குள். நம் அடுப்பில் கண் எரிவதற்கு ஈர விறகுதானே முக்கியக் காரணம்! பெல்லட் அளவாக பாய்லருக்குள் போகும், விசிறி காற்று கொடுக்கும், சூடான தண்ணீர் குழாய் வழியே அறைகளுக்குப் போகும். தரும் வெப்பத்தில் 2 கிலோ பெல்லட் ஏறக்குறைய 1 லிட்டர் எரிபொருள் எண்ணெய்க்குச் சமம். மில் பாய்லரில் சாம்பல் அள்ளிய எனக்குப் பொறாமை, நல்ல ரகத்தில் சாம்பல் 1 சதவீதம்கூட வராது என்பதில்தான். ஆனால் ஒன்று: பெல்லட் கிடங்கில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு தேங்கலாம், வாசனையே தெரியாது. நன்றாகக் காற்றோட்டம் விடாமல் உள்ளே நுழையக் கூடாது என்று மகளிடம் சொல்லுங்கள்.