கேள்வி – பதில்: இரவல் நிரல்களும் இணையதளப் பாதுகாப்பும்

கேள்வி: ராமேசுவரத்தில் யாத்ரீகர்கள் தங்கும் விடுதி ஒன்றுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் இணையதளம் அமைத்துக் கொடுத்தேன். ஆடி அமாவாசைக்கு அறை பதிவு செய்ய முயன்ற சிலர், கைபேசியில் தளத்தைத் திறந்தால் சூதாட்டப் பக்கம் வருகிறது என்று விடுதிக்குப் போன் செய்திருக்கிறார்கள். என் மடிக்கணினியில் எத்தனை முறை பார்த்தாலும் தளம் சரியாகவே இருந்தது; சர்வரில் ஒரு கோப்புகூட மாறவில்லை. வேறொரு முகவரியிலிருந்து வந்துகொண்டிருந்த பழைய ஸ்கிரிப்ட் (உலாவியில் ஓடும் சிறு நிரல்) ஒன்றை நீக்கிய பிறகுதான் தொல்லை நின்றது. என் நிரல் மாறாமலே தளம் கெட்டது எப்படி?
– வாசகர், ராமேசுவரம்

பதில்: உங்கள் நிரல் மாறவில்லை, அது சுட்டிக்காட்டிய முகவரி வேறு கைக்குப் போயிருக்க வேண்டும், அல்லது அந்தச் சர்வருக்குள் யாரேனும் புகுந்திருக்க வேண்டும். பக்கத்துக்குள் ஸ்கிரிப்டை அழைக்கும் வரியான ஸ்கிரிப்ட் டேகில் வெளி முகவரி ஒன்றைக் கொடுத்துவிட்டால், அங்கே இன்று இருக்கும் நிரல் மட்டுமல்லாமல், நாளை அங்கே யார் எதை வைத்தாலும் அதுவும் உங்கள் பக்கத்தில் ஓடும். நீங்களே எழுதிய நிரலுக்கு என்னென்ன உரிமை உண்டோ அத்தனையும் அதற்கும் உண்டு. பதிவுப் படிவத்தில் யாத்ரீகர் தட்டச்சு செய்யும் பெயரையும் போன் எண்ணையும் அது படித்துவிட முடியும்.

2024இல் பாலிஃபில்.ஐஓ விஷயத்தில் நடந்ததும் இதுவே. பழைய உலாவிகளில் இல்லாத வசதிகளை நிரப்பித் தந்த அந்தச் சேவையை ஒரு லட்சத்துக்கும் அதிகமான தளங்கள் பயன்படுத்தி வந்தன. அந்த ஆண்டு பிப்ரவரியில் அதன் டொமைன் (இணைய முகவரி) வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதை உடனே நீக்கிவிடுங்கள் என்று சேவையை முதலில் உருவாக்கியவரே அப்போது எச்சரித்தார். ஜூனில் அங்கிருந்து வந்த நிரல், குறிப்பிட்ட சில கைபேசிகளை மட்டும், குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் பந்தயத் தளங்களுக்குத் திருப்பிவிடுவது தெரியவந்தது. தளத்தை நிர்வகிப்பவர் பார்க்கிறார் என்று தோன்றினால் அது அடங்கிக் கிடந்தது. உங்கள் மடிக்கணினியில் ஒன்றும் தெரியாததற்கும் இதுபோன்ற ஏற்பாடே காரணமாக இருக்கலாம். அது பயன்படுத்திய போலி முகவரியைப் பார்த்தால் இதைச் செய்தவர்களின் நுணுக்கம் புரியும்: கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற ஆங்கிலப் பெயரில் 'எல்' எழுத்து வரும் இரண்டு இடங்களிலும் 'ஐ' எழுத்தைப் போட்டிருந்தார்கள். வேகமாகப் படிக்கும் கண்ணுக்கு அது தட்டுப்படாது.

இனி, வெளியிலிருந்து எடுக்கும் ஸ்கிரிப்டை இறக்கி உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அது முடியாத இடத்தில், டேகில் இன்டெக்ரிட்டி என்னும் பண்பைச் சேர்த்துக் கோப்பின் ஹாஷை, அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீட்டை, குறித்துவிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் உலாவி அதை ஓட்ட மறுத்துவிடும். ஆனால் பாலிஃபில் போல, கேட்கும் உலாவிக்கு ஏற்ப வேறு வேறு கோப்பைத் தரும் சேவைக்கு ஹாஷ் குறிக்கவே முடியாது. அத்தகைய சேவையைப் பதிவுப் படிவம் உள்ள பக்கத்தில் வைக்காமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பாம்பனில் விசைப்படகு வைத்திருக்கும் என் தாய்மாமா, தம் கருவாட்டு வியாபாரத்துக்கு இணையத்தில் ஆர்டர் எடுக்கும் தளம் கேட்டார், சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்ட உதவும் நோட்.ஜேஎஸ்ஸில் செய்து கொடுத்தேன். என்பிஎம் என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்த பேக்கேஜ்களை (பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்புகளை) அடிக்கடிப் புதுப்பித்தால் ஏதாவது ஒன்று உடைந்துபோகிறது. 'படகையே தடைக்காலத்தில்தானே கரையேற்றிப் பார்க்கிறோம், இதையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதாதா?' என்கிறார் மாமா. போதுமா?
– வாசகி, பாம்பன்

பதில்: போதாது. ஆனால் அவருடைய தொழிலிலேயே இதற்கு விடை இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பலகை மாற்றி, வண்ணம் பூசி, எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பார்கள். ஆனால் ஐப்பசியில் கண்ட ஓட்டையைச் சித்திரை வரை யாரும் விட்டுவைப்பதில்லை. பேக்கேஜ்களிலும் பொதுவான புதுப்பிப்பு வேறு, பாதுகாப்புத் திருத்தம் வேறு. மக்களின் கடன் விவரங்களைத் திரட்டும் அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்தில் நேர்ந்ததைச் சொன்னால் மாமாவுக்குப் புரியும். அவர்கள் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற வெளியார் நிரல் தொகுப்பின் ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே திருத்தம் வெளியாகிவிட்டது. அதைப் போடாமல் விட்டதால் மே மாதம் அதே ஓட்டை வழியாகப் புகுந்தவர்கள், ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்களை அள்ளிச் சென்றார்கள். இடையில் கழிந்தது ஒரு தடைக்காலத்தைவிடச் சற்றே அதிகமான காலந்தான்.

அதற்காக, வெளியாகும் ஒவ்வொரு பதிப்பையும் அன்றைக்கே ஏற்றுவதும் ஆபத்து. 2025 செப்டம்பர் 8 அன்று, சாக், டீபக் உள்ளிட்ட 18 பேக்கேஜ்களைப் பராமரிக்கும் ஒருவர், என்பிஎம் அனுப்பியது போலவே தோன்றிய மின்னஞ்சலை நம்பித் தம் கணக்கைப் பறிகொடுத்தார். வாரத்துக்கு 200 கோடிக்கும் மேல் இறக்கப்படும் அந்தப் பேக்கேஜ்களில், ஒருவர் கிரிப்டோ பணம் அனுப்பும்போது அது போய்ச்சேர வேண்டிய வாலட் முகவரியை (கணக்கு எண் போன்றது) மாற்றிவிடும் நிரல் புகுத்தப்பட்டது. இரண்டு மணி நேர அளவில் அது கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நேரத்தில் புதுப்பித்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஒரு வாரம் பொறுத்தவர்களை அது தொடவில்லை.

ஆகவே, ஒவ்வொரு பேக்கேஜின் பதிப்பையும் குறித்து வைக்கும் பேக்கேஜ்-லாக் கோப்பைக் கட்டாயம் கிட் என்ற நிரல் சேமிப்பு முறையில் சேமித்து, சர்வரில் 'என்பிஎம் இன்ஸ்டால்' என்பதற்குப் பதிலாக 'என்பிஎம் சிஐ' கட்டளையையே கொடுங்கள். லாக் கோப்பில் குறித்த பதிப்புக்கு மேல் ஒன்றும் தானாக ஏறாது. வாரம் ஒருமுறை 'என்பிஎம் ஆடிட்' ஓட்டி, அது காட்டும் பாதுகாப்புத் திருத்தங்களை ஒரு நகல் தளத்தில் சோதித்துவிட்டு அன்றே ஏற்றுங்கள். மற்றவை ஒரு வாரமாவது ஆறட்டும். நிறுவும்போதே தானாக ஓடும் இன்ஸ்டால் ஸ்கிரிப்டுகளை, தேவையில்லாதபோது 'இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ்' கொடுத்து நிறுத்திவைப்பதும் நல்லது. ஆடிட் காட்டும் எச்சரிக்கைகள் எல்லாமே உங்கள் தளத்தைத் தொடுபவை அல்ல. மேம்பாட்டின்போது மட்டும் பயன்படும் பேக்கேஜில் உள்ள குறையைவிட, மாமாவின் வாடிக்கையாளர் முகவரி எழுதும் படிவத்தைக் கையாளும் பேக்கேஜில் உள்ள குறையை முதலில் பாருங்கள்.

கேள்வி: இத்தனை வம்பு எதற்கு? வெளியார் நிரலே இல்லாமல் எல்லாவற்றையும் நாமே எழுதிவிட்டால் பாதுகாப்புதானே?
– கல்லூரி மாணவர், கீழக்கரை

பதில்: பாதி சரி. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற வெறும் 11 வரிப் பேக்கேஜை அதை எழுதியவர் என்பிஎம்மிலிருந்து விலக்கிக்கொண்டபோது, அதை நம்பியிருந்த பெரிய திட்டங்கள் பலவற்றைப் புதிதாக நிறுவ முடியாமல் போனது. அந்த அளவுள்ள வேலையை நீங்களே எழுதுங்கள். ஆனால் கடவுச்சொல்லை ஹாஷ் செய்வதையும் மறையாக்கத்தையும் நீங்களே எழுத முயலவே கூடாது. பலர் ஆண்டுக்கணக்கில் சோதித்த பேக்கேஜைவிட நம் சொந்த முயற்சியில்தான் ஓட்டை அதிகம் இருக்கும்.

ஒரு பேக்கேஜைச் சேர்க்கும் முன் அதன் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். 2017இல் 'கிராஸ்-என்வ்' என்ற பேக்கேஜின் பெயரில் நடுக்கோட்டை மட்டும் விட்டுவிட்டு ஒரு போலியை வெளியிட்டு, நிறுவியவர்களின் கணினியிலிருந்த ரகசியச் சாவிகளைத் திருடினார்கள். யார் பராமரிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் பேக்கேஜை, அதில் ஆர்வம் குறைந்துபோன ஆசிரியர், உதவ முன்வந்த முகம் தெரியாத ஒருவரிடம் ஒப்படைத்தார். பிட்காயின் வாலட் ஒன்றைக் குறிவைத்த திருட்டு நிரல் அந்தப் புதியவர் வழியாக உள்ளே வந்தது. ஊதியம் இல்லாமல் அதை ஆண்டுக்கணக்கில் பராமரித்து வந்த அந்த ஆசிரியரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்றைக்கே உங்கள் கல்லூரித் திட்டத்தின் கோப்புறையில் 'என்பிஎம் எல்எஸ்' கட்டளையை 'ஆல்' என்ற தேர்வோடு ஓட்டிப் பாருங்கள். நீங்கள் சேர்த்த பேக்கேஜ்களுக்குக் கீழே, நீங்கள் பெயரே கேட்டிராத பலவும் வரிசையாக வரும். அவற்றில் எதை நீக்கினாலும் திட்டம் ஓடுமோ, அதை முதலில் நீக்குங்கள்.