பத்தாவது படிக்கிற பையன் ராத்திரியெல்லாம் செல்போனில் கேம் ஆடுகிறான். இதனால் என்ன கெடுதல்?

முதல் அடி தூக்கத்துக்குத்தானுங்க. பதின்வயதில் தினமும் 8 முதல் 10 மணி நேரம் தூங்கியாக வேண்டும். திரை வெளிச்சம், தூக்கம் வரவைக்கிற மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதைத் தள்ளிப்போடும். ஆட்டத்தின் பரபரப்பு அதற்கு மேல். அவிநாசியில் என் அக்கா மகன் போர்வைக்குள் விடிய விடிய ஆடிவிட்டு, காலையில் இட்லியைப் பிட்டபடியே கண் சொருகி உட்கார்ந்திருப்பான். மார்க்கு குறைந்தது, எரிச்சல், எல்லாம் பின்னால் வந்தவை.

நிறைய ஆடுகிற எல்லோருக்கும் நோய் என்று சொல்லிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் ‘கேமிங் கோளாறு’ நடைமுறையில் இருக்கிறது: நிறுத்த முடியாமை, மற்றதெல்லாம் பின்னுக்குப் போவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, பொதுவாக 12 மாதமாவது நீடிக்க வேண்டும்.

பனியன் கம்பெனி நைட் ஷிஃப்ட் போகிற வீடுகளில் கண்காணிப்பது கஷ்டம்தான். ஆனாலும் போனைப் பிடுங்கி உடைக்காதீங்க. ராத்திரி அது பெரியவங்க தலைமாட்டில் சார்ஜ் ஏறட்டும். கைமீறினால் 14416-க்குக் கூப்பிடுங்க, அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ். இலவசம், தமிழிலேயே பேசலாம்.