ஊளையிடும் முன் டிஃபரென்ஷியல்: புதுப்பேட்டைக்குக் கிளம்பும் முன் பல்லை எண்ணுங்கள்

கேள்வி: எண்ணூர் குப்பங்களில் ஃபைபர் போட்டிலிருந்து மீனை ஏற்றிக் காசிமேட்டுக்குக் கொண்டுபோக, கை மாறி வந்த ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வைத்திருக்கிறேன். மிக்ஜாம் புயலில் இரண்டு நாள் தண்ணீரில் நின்ற வண்டி. இப்போது ஃபோர் ஹெச் (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டால் முன்பக்கம் ஊளைச் சத்தம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி மிதித்தால் 'டங்' என்கிறது. "திறந்தா செலவு இழுத்துக்கும்ணா, புதுப்பேட்டையில முழு டிஃபரென்ஷியலா செகண்ட் ஹேண்ட் எடுத்துத் தரேன், ஒரே நாள்ல மாட்டிடலாம்" என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (வாசகர், எர்ணாவூர்)

பதில்: இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் டிஃபரென்ஷியலில், அதாவது இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக்கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியில், என்ன கெட்டிருக்கிறது என்று இதுவரை யாரும் பார்க்கவே இல்லை.

'டங்' சத்தத்துக்கு, முன் ஆக்ஸிலுக்கு விசை கொண்டுபோகும் நீளத் தண்டான முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யூஜே கிராஸ் (சிலுவை வடிவ மூட்டு) தேய்ந்திருந்தாலே போதும். கீழே படுத்து ஷாஃப்ட்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருகிப் பாருங்கள். கிராஸில் ஆட்டம் இருந்தால் அதை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். வண்டி திரும்பும்போது மட்டும் 'கடகட' என்றால் ஆக்ஸில் முனை ஜாயின்ட். ஓடும்போது ஸ்டியரிங்கை லேசாக ஒடித்தால் சத்தம் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். மிதிக்கும்போது ஒரு சுதி, காலை எடுத்தால் வேறு சுதி என்று ஊளை மாறினால்தான் டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் (பெரிய பல்சக்கரம்), பினியன் (அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம்) மேல் கை வைக்க வேண்டும்.

டூ ஹெச்சில் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) சத்தம் இல்லை, ஃபோர் ஹெச்சில் மட்டும் வருகிறது என்பதும் முன் டிஃபரென்ஷியலைத்தான் காட்டுகிறது. முன் சக்கரத்தை ஆக்ஸிலோடு பூட்டவும் விடுவிக்கவும் செய்யும் ஃப்ரீ ஹப் விடுபட்டிருக்கும்போது டிஃபரென்ஷியல் சுழல்வதில்லை. இதில் ஒரு விலக்கு உண்டு. உங்கள் வண்டி கை மாறி வந்தது என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். ஃப்ரீ ஹப் கெட்டுப்போனால் பலர் புதிது வாங்காமல், சும்மா ஒரு ஃபிளாஞ்சைப் (சக்கரத்தை ஆக்ஸிலோடு நிரந்தரமாகப் பூட்டும் தட்டு) போட்டு இறுக்கிவிடுவார்கள். அப்படிப்பட்ட வண்டியில் டூ ஹெச்சிலும் முன் கிரவுன் ஓயாமல் சுற்றும், தேய்மானமும் அதற்கேற்ப. கண்டுபிடிப்பது சுலபம். டூ ஹெச்சில் வைத்து, முன் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கிக் கையால் சுற்றுங்கள். முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் கூடவே சுற்றினால் அந்தப் பக்க ஹப் பூட்டியே கிடக்கிறது. அடுத்த பக்கத்தையும் இதேபோல் பாருங்கள். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைக்காமல், வெறும் ஜாக்கி மேல் நிறுத்தி இதைச் செய்யாதீர்கள். ஸ்டாண்டு வாடகைக்குக் கிடைக்கிறது, கால் கிடைக்காது.

அடுத்தது ஆயில். ஆயில் ஊற்றும் ஃபில்லர் பிளக் கழலுகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் வடிக்கும் டிரெயின் பிளக்கைத் தொடுங்கள். எண்ணூர் உப்புக்காற்றில் ஃபில்லர் துருப்பிடித்து இறுகியிருக்கும். ஆயிலை வடித்துவிட்டு, ஊற்றுவதற்கு வழியில்லாமல் என் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்த வண்டிகள் பல. வடிந்த ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. டிரெயின் பிளக் காந்தத்தில் கண் மை போல் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம். அரிசிக் குருணை அளவில் துண்டு கிடந்தால் உள்ளே பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது.

சூடான டிஃபரென்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் (காற்றுத் துவாரம்) வழியாகவோ ஆயில் சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். 2023 டிசம்பரில் தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கு இன்ஜின் ஆயிலை எல்லோரும் மாற்றினார்கள். ஆக்ஸில் ஆயில் எத்தனை பேருக்கு நினைவு வந்தது? இன்சூரன்ஸ்காரர்கள் இன்ஜினைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். ஆறு மாதம் கழித்து டிஃபரென்ஷியல் கத்தினால் "தேய்மானம் சார்" என்று ஒரு வரி எழுதி அனுப்புவார்கள். கம்பெனி சர்வீஸில் கேட்டால் "அசெம்ப்ளியாத்தான் வரும், ஷிம் தனியா தர மாட்டோம்". ஷிம் என்பது பல்சக்கரத்தின் இடத்தைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு. நாற்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் இந்தப் பதிலுக்கு எனக்குப் பொறுமை வரவில்லை.

இனி புதுப்பேட்டை விஷயம். அங்கே நல்ல சரக்கும் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. உங்களை அழைத்துப்போகும் ஆளுக்குக் கடையில் கமிஷன் உண்டு, அதனால் எது இருக்கிறதோ அதுதான் உங்கள் வண்டிக்குப் பொருந்தும். வெளிப்பார்வைக்கு ஒரே ஹவுசிங், உள்ளே ரேஷியோ (கிரவுன் பல் எண்ணிக்கையைப் பினியன் பல் எண்ணிக்கையால் வகுத்தது) வேறாக இருக்கும். கிரவுனில் 41 பல், பினியனில் 10 என்றால் 4.10. கிரவுனில் அதே 41, பினியனில் 11 என்றால் 3.73. முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ஃபோர் ஹெச் போட்டதும் முன் சக்கரம் ஒரு கணக்கில் சுற்றப் பார்க்கும், பின் சக்கரம் இன்னொரு கணக்கில். மணலில் சக்கரம் வழுக்கிக்கொடுப்பதால் முதல் நாலு நாள் தெரியாது. தார் ரோட்டில் ஏறியதும் மாட்டிக்கொள்ளும், முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் அடி வாங்கும். காட்டுப்பள்ளியிலிருந்து வந்த ஒருவர் இப்படி இரண்டு டிஃபரென்ஷியல் மாற்றிவிட்டு மூன்றாவதாக என்னிடம் வந்தார். கவரைக் கழற்றிப் பல்லை எண்ணிக் காட்டியபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பின் ஆக்ஸிலின் ரேஷியோவை நீங்களே எண்ணலாம். நியூட்ரலில் இரண்டு பின் சக்கரத்தையும் தூக்கி, முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஒன்றை ஒருவர் அசையாமல் பிடிக்க, மற்றதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினால் அந்தச் சுற்றுதான் ரேஷியோ. நாலு சுற்றுக்குச் சற்றே மேல் என்றால் 4.10. நாலை எட்டாமல் கால் சுற்று குறைந்தால் 3.73.

கிரவுன் பினியன் தேய்ந்திருந்தால் செட்டாகவே மாற்றுங்கள். இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். ஒன்று பழையது ஒன்று புதியது என்று கலந்தால் ஊளை போகாது. பேரிங்கும் சீலும் புதிது. பினியனில் கிரஷ் ஸ்லீவ் (நட்டை இறுக்கும்போது நசுங்கிப் பேரிங் இறுக்கத்தை நிலைநிறுத்தும் குழாய்) இருந்தால் அதுவும் புதிது, ஒருமுறை நசுங்கினால் அதன் ஆயுள் முடிந்தது. சீல் ஒழுகுகிறது என்று ஏர் கன்னால் பினியன் நட்டைப் 'படபட'வென்று இறுக்குகிறவரிடம் வண்டியை விடாதீர்கள். பேரிங் அளவுக்கு மீறி இறுகிச் சூடேறிக் கருகும்.

பல் இடைவெளி பல சிறிய வண்டிகளில் 0.13 முதல் 0.20 மில்லிமீட்டர். உங்கள் வண்டியின் மேனுவல் சொல்லும் எண்தான் கணக்கு. ஏறத்தாழ இரண்டு தாள் கனம், அதைக் கண்ணால் அளக்க முடியாது, டயல் கேஜ் வேண்டும். "கைப்பதம் போதும் சார்" என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கவரை மூடும் முன், பல்லில் மஞ்சள் மார்க்கிங் பேஸ்ட் தடவிச் சுற்றிய தடத்தை ஃபோனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தடம் பல்லின் நடுவில் இருக்க வேண்டும். உச்சியில் விழுந்தால் பினியன் விலகி நிற்கிறது, அடியில் விழுந்தால் மிகவும் உள்ளே போய்விட்டது. இதற்கு ஷிம்மை மாற்றி மாற்றிக் கோக்க வேண்டும், ஒரு பகல் போகும். அந்தக் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

ஆயில் ஏபிஐ ஜிஎல்-5 (கியர் ஆயிலின் தரக் குறியீடு) என்று கேனில் எழுதியிருக்க வேண்டும். 'ஈபி 90' என்று மட்டும் போட்டிருப்பதை நம்பி ஊற்றாதீர்கள், ஜிஎல்-4 இந்தப் பல்லுக்குப் போதாது. முதல் ஓட்டம் இருபது நிமிடம், நிறுத்தி ஆறவிட்டு அப்புறம் எடுங்கள். சுமார் 800 கிலோமீட்டரில் ஆயிலை ஒருமுறை மாற்றுங்கள். ஃபோர் ஹெச் மணலுக்கு மட்டும். எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் வரிசைக்கு நடுவே அதைப் போட்டுக்கொண்டு ஊர்வது டிஃபரென்ஷியலுக்கு நீங்களே வைக்கும் சூனியம்.

மாட்டும்போதே பிரீதருக்கு ஒரு ரப்பர் ஹோஸ் போட்டு, மேலே பானெட்டுக்குள் பேட்டரி உயரத்துக்கு ஏற்றிக் கிளிப் அடிக்கச் சொல்லுங்கள். அடுத்த மழைக்கு முன் செய்தால் போதும்.